பிக்கப்பின் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள், இனி என்ன செய்வது?

பாரவண்டி எழுதியது:

வணக்கம். தண்ணீர் பம்ப் பழுது பார்ப்பது என் தொழில். வண்டி டபுள் கேப் பிக்கப், பெட்ரோல், வி6 எஞ்சின். மோட்டார், குழாய், செயின் பிளாக் எல்லாம் பின்னால் ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க ஓடுகிற வண்டி. அது நின்றால் என் பிழைப்பும் நின்றுவிடும்.

இன்று விடியற்காலையில் சாவியைத் திருப்பியதும் அடிவயிற்றில் உதைக்கிற மாதிரி ஒரு சத்தம். உடனே அணைத்துவிட்டு, டார்ச் அடித்துக் கீழே படுத்துப் பார்த்தேன். கேபினுக்கு அடியில் போகும் புகைக்குழாய் இரண்டு இடத்தில் அறுபட்டிருக்கிறது. நடுவில் இருந்த, புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டரைக் காணவில்லை. மற்ற இடமெல்லாம் துரு, அறுத்த வாய் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. ஆக்ஸிஜன் சென்சரின் ஒயர் பாதியில் வெட்டுப்பட்டுத் தொங்குகிறது. தரையில் இரும்புத் தூள் சிந்திக் கிடக்கிறது. ராத்திரி யாருக்கும் எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

இப்படியே மெதுவாக ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிப் போகலாமா? தெரிந்தவர் ஒருவர், "கன்வெர்ட்டரே வேண்டாம், நேராக ஒரு குழாயை வெல்ட் பண்ணிவிடு, இனி திருட அதில் என்ன இருக்கும்" என்கிறார். செலவைப் பார்த்தால் மனசு அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் சரியாகப் படவில்லை. இன்சூரன்ஸ் கிடைக்குமா என்பதும் தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சைலன்சர்மேஸ்திரி எழுதியது:

தம்பி, முதல்ல வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க. டோ பண்ணித்தான் கொண்டு போகணும். நான் புகைக்குழாய் வேலையிலேயே முடி நரைச்ச ஆள், காரணத்தோட சொல்றேன்.

வெட்டுன இடம் நீங்க உட்கார்ற கேபினுக்கு நேர் கீழே இருக்கு. வழக்கமா வண்டிக்குப் பின்னால போய்ச் சேர வேண்டிய புகை அங்கேயே கொட்டும். அதுல கார்பன் மோனாக்சைடு இருக்கு. வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. கண்ணாடியை ஏத்திவிட்டு ஓட்டினா தலைவலியில ஆரம்பிச்சு மயக்கம் வரைக்கும் போகும், உயிரே போகலாம். அப்புறம், ரம்பம் போட்டவன் இருட்டுல அவசரத்துல போட்டிருக்கான். பக்கத்துல போற பெட்ரோல் லைன், பிரேக் லைன், ஒயர் கட்டு இதுல எது மேல பிளேடு பட்டுச்சுன்னு லிஃப்ட்ல ஏத்திப் பார்க்காம சொல்லவே முடியாது. பிரேக் லைன்ல ஒரு சின்னக் கீறல் போதும்.

இன்னொண்ணு, இது நிறையப் பேருக்குத் தெரியறதில்லை. வி6 எஞ்சின்ல பெரும்பாலும் மேனிஃபோல்ட் (எஞ்சின்ல இருந்து புகை வெளியே வர்ற முதல் குழாய்) ஒட்டியே ரெண்டு கன்வெர்ட்டர் இருக்கும், கீழே குழாயில வேற இருக்கும். திருடனுக்குக் கை எட்டுறது கீழே இருக்கறதுதான். மேலே இருக்கறது தப்பிச்சிருக்கலாம். தொங்குற ஒயர் கன்வெர்ட்டருக்கு முன்னால இருக்கிற முன் சென்சரோடதா, பின்னால இருக்கிற பின் சென்சரோடதான்னு பாருங்க. முன் சென்சர் செத்துப்போனா எஞ்சின் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு பெட்ரோல் விடணும்னு கணக்கு தப்பும், அளவுக்கு மேல விடும். எரியாத பெட்ரோல் மேலே இருக்கிற நல்ல கன்வெர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு, உள்ளே இருக்கிற தேன்கூட்டுப் பீங்கானையே உருக்கிடும். ஒண்ணு போனது போதும்.

நேர்க்குழாய் விஷயம். தயவுசெஞ்சு வேண்டாம். நல்ல நிலையில இருக்கிற கன்வெர்ட்டர், சூடேறின பிறகு கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடு மூணையும் 90 சதவீதத்துக்கு மேல தீங்கு குறைஞ்ச வாயுவா மாத்திடும். அதை எடுத்துட்டு ஓட்டினா அந்த நஞ்சு அப்படியே தெருவுல நிக்கிற குழந்தை மூக்குல ஏறும். பெரும்பாலான நாடுகள்ல அது சட்டப்படி குற்றம், புகை டெஸ்ட்லயும் நிக்காது. பின் சென்சர் சும்மா இருக்காது, செக் எஞ்சின் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். அந்த லைட் நிரந்தரமா எரிஞ்சா நாளைக்கு வேற கோளாறு வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. என் ஒர்க்‌ஷாப்ல யார் வந்து கேட்டாலும் நான் அந்த வேலையைத் தொடறதில்லை.

கோப்புக்காரர் எழுதியது:

இன்சூரன்ஸ் சர்வேயராக வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் இது கிடைக்காது. திருட்டையும் சேர்த்த முழு பாலிசி என்றால் கேட்கலாம். முதலில் போலீஸில் புகார் கொடுத்து எண்ணை வாங்குங்கள். சர்வேயர் பார்ப்பதற்கு முன்னால் எதையும் கழற்றவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம்.

படம் எடுக்கும்போது அறுத்த முனைகளை மட்டும் தனியாக எடுக்காதீர்கள். நம்பர் பிளேட்டும் வண்டியின் அடியும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். எஸ்டிமேட்டில் கன்வெர்ட்டரை மட்டும் எழுதிவிட்டுப் பிறகு வருந்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சென்சர், ஒயரிங், ஹீட் ஷீல்ட், ஹேங்கர் ரப்பர், டோ கூலி எல்லாமே அந்தத் திருட்டால் வந்த சேதம், எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். தொழில் வண்டி என்பதால் மாற்று வண்டி வாடகை உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் கையிலிருந்து போட வேண்டிய பங்கைக் கழித்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான் என்றால், கிளெய்ம் போட்டு, கிளெய்ம் போடாதவர்களுக்குக் கிடைக்கும் அடுத்த வருட போனஸை இழப்பது லாபமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்பெனி ஒரிஜினல் பாகமாக இருந்தால் பெரும்பாலும் கிளெய்ம் பண்ணுவதே நல்லது.

மலைப்பாதை எழுதியது:

எனக்கும் இதே நடந்தது, அதுவும் ஒரு தடவையோடு நிற்கவில்லை. புது கன்வெர்ட்டர் மாட்டிய சில வாரங்களிலேயே அதே இடத்தில் வந்து அதையும் அறுத்துப் போனார்கள். வண்டி எங்கே நிற்கும், அடியில் எவ்வளவு இடம் இருக்கும் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், இப்போது உள்ளே புதுச் சாமான் வேறு. அதனால் பாரவண்டி, நான் சொல்வது ஒன்றுதான்: கன்வெர்ட்டர் மாட்டுகிற அன்றைக்கே பாதுகாப்பும் ஏறிவிட வேண்டும். "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று வைத்தால் நடுவில் வருகிற ராத்திரிகளில் வண்டி திறந்துதான் கிடக்கும்.

நம் வண்டிகளைத் தேடி வருவதற்குக் காரணம் உயரம். காருக்கு ஜாக் வைக்க வேண்டும், பிக்கப்புக்கு அப்படியே கீழே நுழைந்து பேட்டரி ரம்பத்தைப் போட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். உள்ளே இருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம், அதுவும் சில கிராம்தான். ஆனால் 2021இல் ரோடியம் ஒரு அவுன்ஸ் 25,000 டாலருக்கு மேல் போனது. அந்த விலை பிறகு பாதிக்கும் கீழே இறங்கியும் கற்றுக்கொண்ட கை ஓயவில்லை.

நான் இப்போது சேசிஸோடு போல்ட் போட்ட துருப்பிடிக்காத தகடு மாட்டியிருக்கிறேன். போல்ட் தலை சாதாரண ஸ்பேனருக்குப் பிடிபடாத வகை. கன்வெர்ட்டர் மேல் சேசிஸ் எண்ணைப் பொறித்து, சூடு தாங்கும் பெயின்ட்டும் அடித்தேன். புகைக்குழாய் இருக்கும் பக்கத்தைச் சுவரை ஒட்டி நிறுத்துகிறேன். வண்டியோடு வந்த அலாரம் கதவைத் திறந்தால்தான் கத்துகிறது, அடியில் ரம்பம் ஓடினால் அதற்குத் தெரிவதில்லை. அதிர்வையும் சாய்வையும் உணர்கிற சென்சர் தனியாகப் போட வேண்டியிருந்தது. ஒரு வேளை சத்தம் கேட்டு எழுந்தால் கீழே இறங்கிப் போகாதீர்கள். விளக்கைப் போடுங்கள், போலீஸைக் கூப்பிடுங்கள். பக்கத்தில் காவலுக்கு ஒருவன் நிற்பான், கையில் என்ன வைத்திருப்பான் என்று சொல்ல முடியாது.

பாரவண்டி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. டோ பண்ணிக் கொண்டு போய்விட்டேன். மேஸ்திரி அண்ணா சொன்ன மாதிரியே மேலே இருக்கிற இரண்டும் பத்திரமாக இருக்கின்றன, கீழே இருந்ததுதான் போயிருக்கிறது. வெட்டுப்பட்டது பின் சென்சர். பிரேக் லைனில் ஒன்றும் இல்லை, ஆனால் ஒயர் கட்டின் உறை ஓரிடத்தில் கிழிந்திருக்கிறது. முழு பாலிசி இருக்கிறது, புகாரும் கொடுத்தாயிற்று.

இப்போது இரண்டு சந்தேகம். ஒரிஜினல் போடுவதா, வேறு கம்பெனி செய்யும் ஆஃப்டர் மார்க்கெட் போடுவதா? இன்னொன்று, ஒர்க்‌ஷாப்பில் தகடு வேண்டாம், குழாயிலிருந்து சேசிஸுக்குக் கட்டுக்கம்பியை வெல்ட் பண்ணி இறுக்கிவிடுகிறேன் என்கிறார்கள். சரிதானா அண்ணா?

சைலன்சர்மேஸ்திரி எழுதியது:

கம்பி வெல்டிங் கூடவே கூடாது. எஞ்சினும் புகைக்குழாயும் ரப்பர்ல தொங்குற சாமான் தம்பி. ஆக்ஸிலேட்டரை மிதிச்சா எஞ்சின் ஒரு பக்கம் புரளும், குழாயும் அதோட சேர்ந்து ஆடும். சூடேறினா நீளவும் செய்யும். அதைச் சேசிஸோட இறுக்கிட்டா அந்த ஆட்டமெல்லாம் போய் மேனிஃபோல்ட் பக்கம் விழும், கடைசியில அங்கே விரிசல் விடும். ஸ்டீல் கேபிள் கூண்டு போடலாம், ஆனா குழாய் ஆடுற அளவுக்குத் தளர்வு விட்டுக் கட்டணும். உங்களுக்கு நான் சொல்றது தகடுதான். காத்து போக ஓட்டை உள்ள தகடா வாங்குங்க. கன்வெர்ட்டர் ஓடும்போது பல நூறு டிகிரி சூட்டுல இருக்கும், மூடின பெட்டிக்குள்ள வச்சா சூடு கேபின் தரைக்கு ஏறும். எஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும் இறக்குற இடத்தை மறைக்காததா இருக்கணும், இல்லைன்னா ஒவ்வொரு சர்வீஸுக்கும் அத்தனை போல்ட்டையும் கழட்டணும்.

கன்வெர்ட்டரைப் பொறுத்தவரை, இன்சூரன்ஸ் கொடுத்தா ஒரிஜினலே போடுங்க. மலிவான ஆஃப்டர் மார்க்கெட்ல உலோகப் பூச்சு குறைவு. கொஞ்ச நாள் நல்லா இருக்கும், அப்புறம் கன்வெர்ட்டர் சரியா வேலை செய்யலைன்னு சொல்ற பி0420 கோடு வந்து செக் எஞ்சின் லைட் எரியும். கைக்காசு போட்டுத்தான் ஆகணும்னா, உங்க எஞ்சினுக்குன்னு அனுமதி எண் அடிச்சு வர்ற ஆஃப்டர் மார்க்கெட் பரவாயில்லை. பில் இல்லாத செகண்ட் ஹேண்ட் மட்டும் வாங்கவே வாங்காதீங்க. அது இன்னொரு பாரவண்டிக்குக் கீழே இருந்து அறுத்ததா இருக்கும். வாங்குறவன் இருக்கறதாலதான் அறுக்கறவன் வர்றான்.

வெல்டிங் பண்றதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவைக் கழட்டச் சொல்லுங்க, இல்லைன்னா எஞ்சின் கம்ப்யூட்டர் போயிடலாம். கிழிஞ்ச ஒயர் உறைக்கு டேப் சுத்தி விடச் சம்மதிக்காதீங்க, அந்தச் சூட்டுக்குப் பக்கத்துல டேப் உருகி வழியும். சூடு தாங்குற ஸ்லீவ் போட்டு, குழாயை விட்டுத் தள்ளி கிளிப் அடிக்கணும். மாட்டி முடிச்சதும் தகட்டைப் போடுறதுக்கு முன்னாடி எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு ஜாயின்ட் பக்கமும் கையைக் கொண்டு போய், தொடாம, புகை கசியுதான்னு நீங்களே ஒரு தடவை பார்த்துடுங்க.