பாரத் இன்சூரன்ஸ் கட்டடம், மவுண்ட் ரோடு: நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

பேட்டர்ஸ் ரோட்டான்

கட்டடத்தைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. மவுண்ட் ரோடு என்ற அண்ணா சாலையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் சந்திக்கும் முனையில் நிற்கும் அதைப் பார்க்காத சென்னைவாசி இருக்க முடியாது. கிளட்ச் பிளேட் வாங்கச் சென்றிருந்தபோது, கடைக்காரர் உள்ளே தேடிக்கொண்டிருந்த நேரத்தில் வெளியே நின்று அண்ணாந்து பார்த்தேன். மாடிச் சுவரின் விளிம்பில் ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது. அதன் வேர் இரண்டு செங்கல் வரிசைகளுக்கு நடுவே புகுந்து, கீழிருந்த வளைவின் உச்சி வரை இறங்கி, அங்கே மீண்டும் சுவருக்குள் நுழைந்திருந்தது. நுழைந்த இடத்தில் ஒரு செங்கல் விரற்கடை அளவு வெளியே தள்ளப்பட்டிருந்தது. கடைக்காரரிடம் காட்டினேன். “அது ரொம்ப நாளா அப்படித்தான் சார் இருக்கு” என்று சொல்லிவிட்டு ரசீது எழுதத் தொடங்கினார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இப்போது என் கண் அந்தச் செங்கல்லைத்தான் தேடுகிறது.

ஓய்வுபெற்ற முகவர்

மேலே எழுதியவர் கண்டது மழையும் மரமும் செய்த வேலை. நான் கண்டது கடப்பாரை செய்தது. 1897-இல் டபிள்யூ. இ. ஸ்மித் என்ற மருந்து வணிகர் எழுப்பி, கார்டில் பில்டிங் என்று பெயரிட்ட இந்த மாளிகையை 1934-இல் பாரத் இன்சூரன்ஸ் கம்பெனி வாங்கியது. 1956-இல் 245 நிறுவனங்களை ஒன்றாக்கி எல்ஐசி உருவாக்கப்பட்டபோது இதுவும் அதன் உடைமையாயிற்று. 2006-இல் இடிப்பு வேலை தொடங்கிய செய்தி வந்த சமயம், பேருந்தில் ஜன்னலோரம் அமர்ந்து அவ்வழியே சென்றேன். சிக்னலில் வண்டி நின்றது. மாடி ஜன்னல் ஒன்றில், அறை தெரிய வேண்டிய இடத்தில் ஆகாயம் தெரிந்தது. முகப்பு வளைவும் அதன் வேலைப்பாடும் சிறிதும் குலையாமல் இருக்க, பின்னால் கூரை இல்லை. அருகில் அமர்ந்திருந்தவர், “இனி மனை நல்ல விலைக்குப் போகும்” என்றார். நான் பதில் சொல்லவில்லை. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பினர் நீதிமன்றத்துக்குச் சென்று தடை வாங்கியிராவிட்டால், அந்த ஜன்னலும் மிஞ்சியிருக்காது.

நடைபாதைவாசி

இருவரின் வருத்தமும் புரிகிறது. ஆனால், அதன் அடியில் நடப்பவர்களைப் பற்றி இருவருமே ஒரு வார்த்தை எழுதவில்லை. ஒரு மழைநாள் மாலையில், எனக்கு முன்னால் சென்ற அம்மையாரின் குடை மீது மேலிருந்து காரைத் துண்டு ஒன்று விழுந்தது. கம்பிகள் வளைந்து, துணி கிழிந்தது. அவர் மேலே பார்க்கவே இல்லை. குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நனைந்தபடியே நடந்தார். குடை இல்லாதவர் தலையில் அது விழுந்திருந்தால் இங்கே வேறு விதமாக எழுதிக்கொண்டிருப்போம். ஓர் ஆங்கிலேயர் மருந்து விற்பதற்காகக் கட்டிய கடைக்கு, சோழர் காலக் கோயிலுக்குரிய மரியாதை எதற்கு? பழைய ஸ்பென்சர் கட்டடம் 1980-களில் தீக்கிரையாயிற்று. அதனால் மவுண்ட் ரோடு நின்றுவிடவில்லை.

சுண்ணாம்புக் காரை

நடைபாதைவாசி அவர்களுக்கு: பாரத் இன்சூரன்ஸ், 1896-இல் லாகூரில் லாலா ஹர்கிஷன் லால் தொடங்கிய இந்திய நிறுவனம். வெள்ளையர் கடைகள் வரிசையாக நின்ற மவுண்ட் ரோட்டில், வெள்ளையர் ஆட்சியிலேயே, அப்படியொரு நிறுவனம் தன் பெயரை இவ்வளவு பெரிய மாளிகைக்குச் சூட்டியது. ஆங்கிலேயர் கடை என்ற கணக்கு 1934-இலேயே தீர்ந்துவிட்டது.

என் அனுபவம் சிறியது. இதே காலத்தைச் சேர்ந்த வேறொரு கட்டடத்தில், சிமென்ட் பூசிய ஓர் இடத்தைத் தட்டிப் பார்த்தபோது பூச்சு பலாச்சுளை போலக் கழன்று கையில் வந்தது. உள்ளே செங்கல் மாவாகியிருந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும்; சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். ஆகவே இத்தகைய சுவரைத் தொடுபவர்கள், நன்கு நீர்த்து ஊறிய சுண்ணாம்பைக் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்தே பூச வேண்டும். அரசங்கன்றை மேலே வெட்டுவது வீண், அடுத்த மழையில் துளிர்த்துவிடும். செங்கல் இணைப்பைத் திறந்து, வேரைச் சாகடித்து, அந்த இடத்தைக் காரையால் நிரப்ப வேண்டும்; வேர் தடித்துவிட்டால் இழுத்துப் பிடுங்கவும் கூடாது, சுவரும் சேர்ந்து வரும். மரக்கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸ் கூரையாக இருந்தால், அக்கட்டைகள் சுவருக்குள் புதைந்திருக்கும் முனைகளை முதலில் சோதிக்க வேண்டும். நடுப்பகுதி உறுதியாக இருக்கும்போதே முனைகள் உளுத்துப் போயிருக்கும். குடை கிழிந்த பிரச்சினைக்கு மருந்து இடிப்பு அன்று. நடைபாதை மேல் ஒரு தகரப் பந்தல் போதும். கூரை போனால் எல்லாம் போயிற்று என்பதும் சரியன்று. 2012 தீ விபத்தில் சிதைந்த சேப்பாக்கம் கலச மஹால் சீரமைக்கப்பட்டு, அங்கே இப்போது பசுமைத் தீர்ப்பாயம் நடக்கிறது.

வரைபலகை

எதிர்ப்புற நடைபாதையில் நின்று கட்டடக்கலை வகுப்புக்காக இதை வரைந்திருக்கிறேன். வளைவுகளை எண்ணி வரைந்துகொண்டிருந்தபோது, வழிப்போக்கர் ஒருவர் தாளை எட்டிப் பார்த்து, “இடிக்கிறதுக்கு அளவு எடுக்கிறீங்களா?” என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. இடிக்கக் கூடாது என்று 2010-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னும், பழுது பார்க்கும் கை ஒன்றும் கண்ணில் படாத இடத்தில் ஒருவன் அளவெடுத்தால் மக்கள் வேறென்ன நினைப்பார்கள்? ஓய்வுபெற்ற முகவர் தடையைப் பெரிதாகச் சொல்கிறார். தடை கடப்பாரையைத் தடுத்தது, அவ்வளவே. பேட்டர்ஸ் ரோட்டான் பார்த்த வேரை அது தடுக்கவில்லை.

நடைபாதைவாசி

லாகூர்ச் செய்தி எனக்குப் புதிது, நன்றி. பந்தல் யோசனையையும் ஏற்கிறேன். யார் செலவில் என்பதை மட்டும் சுண்ணாம்புக் காரை அவர்கள் சொல்லவில்லை. கட்டடத்தின் மதிப்பு பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. உரிமையாளர் பந்தல் போடும் வரை நான் எதிர்ப்புறமாகவே நடப்பேன்.