மூன்று லட்சம் ஓடிய டிரக்கில் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியவர்கள், நடந்ததைச் சொல்லுங்கள்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள பழைய பிக்கப் டிரக்கை வாங்குகிற எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிற முதல் அறிவுரை இது: "மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டதா? அப்படியென்றால் கியர்பாக்ஸ் ஆயில் பக்கமே போகாதே. பழைய ஆயிலில்தான் அது உயிரோடு இருக்கிறது. புதுசை ஊற்றினால் படுத்துவிடும்." எனக்கும் சொன்னார்கள். நான் மாற்றினேன், வண்டி நன்றாக ஓடுகிறது. ஆனால் அப்படிச் சொன்னவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

என் வண்டியில் இருந்த தொந்தரவு ஒன்றே ஒன்று. மணிக்கு எழுபது கிலோமீட்டர் வாக்கில், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி போகும்போது ஓரிரு வினாடி ஒரு நடுக்கம். இன்ஜின் மிஸ் ஆகிறது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், ஸ்பார்க் பிளக்கை மாற்றச் சொல்வார்கள். நடுக்கம் வரும் நேரத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல், இடது காலால் பிரேக்கை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொட்டுப் பார்த்தேன். நடுக்கம் சட்டென்று நின்றது. இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம் டார்க் கன்வெர்ட்டர்; சீரான வேகத்தில் இரண்டையும் நேரடியாகப் பூட்ட அதற்குள் ஒரு லாக்-அப் கிளட்ச் உண்டு. பிரேக் சுவிட்ச் பட்டவுடன் அந்தக் கிளட்ச் விடுபடும். ஆகவே குற்றவாளி அந்தக் கிளட்ச்தான், இன்ஜின் இல்லை என்று தெரிந்துவிட்டது. (பின்னால் வண்டி வராத, காலியான சாலையில் மட்டும் இதைச் செய்யுங்கள்.) அந்தக் கிளட்ச் உதறாமல் பிடிப்பதற்கென்றே ஆயிலில் சில சேர்மானங்கள் உண்டு. ஆயில் பழசானால் அவை தேய்ந்துபோகும். இந்த ஒரு கோளாறுக்கு ஆயில் மாற்றுவது நிஜமாகவே மருந்தாக வாய்ப்பு உண்டு.

மாற்றுவதற்கு முன்னால் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சியை) உருவி, வெள்ளை டிஷ்யூ தாளில் ஒரு சொட்டு வைத்தேன். பழுப்பு நிறம். ஆனால் கருகல் வாடை இல்லை, கரும்பொடி இல்லை. புது ஆயிலின் சிவப்பு என்பது வெறும் சாயம், அது மங்குவதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். வாடையும் பொடியும்தான் எனக்குக் கணக்கு. கியர் விழத் தாமதமோ, ஏற்றத்தில் இன்ஜின் மட்டும் அலறி வண்டி நகராமல் வழுக்குவதோ இருந்திருந்தால் நான் ஸ்பேனரையே எடுத்திருக்க மாட்டேன்.

வேலை சுத்தமான வேலை இல்லை. பல பழைய டிரக்குகளில் ஆயில் பேனுக்கு (கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்கு) டிரெயின் பிளக்கே, அதாவது வடிக்கிற திருகே கிடையாது. ஒரு மூலையில் மட்டும் போல்ட்டுகளைத் தளர்த்தி, பேனைச் சாய்த்து வடிக்க வேண்டும். எவ்வளவு பெரிய தட்டு வைத்தாலும் கொஞ்சம் சட்டைக்கு வந்தே தீரும். வண்டியை ஓட்டிவிட்டு, வெதுவெதுப்பாக ஆறின பிறகு ஆரம்பியுங்கள். ஜாக் மட்டும் போதாது, அடியில் ஸ்டாண்ட் கட்டாயம்.

பேனுக்குள் ஒரு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் களிம்பு மாதிரி ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம், துடைத்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். கையில் நெருடும் இரும்புச் சில்லு, பித்தளை நிறத் துணுக்கு இருந்தால் கதை வேறு. என்னுடையதில் களிம்பு மட்டும்தான்.

அடுத்து ஃபில்டர். அதை இழுக்கும்போது அதன் கழுத்தில் இருக்கும் சீல் வளையம் பல நேரம் மேலேயே ஒட்டிக்கொள்ளும். கவனிக்காமல் புது சீலோடு புது ஃபில்டரை ஏற்றினால் அது சரியாக உட்காராது, பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். பேன் போல்ட்டுகளையும் பலம் காட்டி முறுக்கக் கூடாது. சுமார் 11 நியூட்டன் மீட்டர்தான் எனக்குத் தேவைப்பட்டது, சின்ன ராட்செட்டை மணிக்கட்டால் திருப்புகிற அளவு. அதிகம் முறுக்கினால் பேன் விளிம்பு வளைந்து, பேக்கிங் பிதுங்கி, அங்கேயே ஒழுகும்.

இனி அளவு. பேனைக் கழற்றினால் மொத்த ஆயிலும் வந்துவிடாது, பாதிக்கும் மேல் டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் கூலர் குழாய்களிலும் தங்கிவிடும். ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) டிரக்குகளில் பரவலாக இருந்த 4எல்60-இ கியர்பாக்ஸை எடுத்துக்கொண்டால், பெரிய கன்வெர்ட்டர் உள்ளதில் மொத்தம் சுமார் பத்தரை லிட்டர், பேன் வழியாக வருவது ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது ஒரு தடவையில் சுமார் 45 சதவீதம்தான் புதுசு. இரண்டாம் தடவையில் பழசு 30 சதவீதமாகக் குறையும், மூன்றாவதில் 17 சதவீதத்துக்கு வரும். நான் வேண்டுமென்றே இப்படித்தான் தவணை முறையில் செய்தேன், நடுவில் சில வாரம் ஓட்டிப் பார்த்து. முதல் தடவையே டிரெயின் பிளக் உள்ள பேனாக மாற்றிக்கொண்டதால் அடுத்தடுத்த தடவைகளில் சட்டை தப்பியது. நடுக்கம் முதல் மாற்றத்திலேயே குறைந்தது, இரண்டாவதுக்குப் பிறகு வரவில்லை.

எந்த ஆயில் என்பதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். டெக்ஸ்ரான் என்பது ஜிஎம்மின் கியர்பாக்ஸ் ஆயில் தரம்; டெக்ஸ்ரான் 3 கேட்ட பழைய ஜிஎம் வண்டிகளில் டெக்ஸ்ரான் 6 ஊற்றலாம், அந்த நிறுவனமே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ஏடிஎஃப்+4 (கிரைஸ்லர், டாட்ஜ் வண்டிகளின் ஆயில் தரம்) கேட்கும் வண்டியில் அதை ஊற்றக் கூடாது. "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று எழுதிய டப்பாக்கள் மீது எனக்கு நம்பிக்கை வந்ததே இல்லை.

* * *

என் வண்டி படுத்தது. அதனால் எதிர்க்கட்சியிலிருந்து ஒரு வாக்குமூலம்.

நான் வாங்கும்போதே ரிவர்ஸ் போட்டால் இரண்டு மூன்று வினாடி யோசித்துத்தான் நகரும். ஏற்றத்தில் வழுக்கும். ஆயில் கறுப்பு, கருகின வாடை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெஷின் போட்டு மொத்த ஆயிலையும் ஒரே மூச்சில் மாற்றினார்கள். கொஞ்ச நாளில் மூன்றாவது கியர் காணாமல் போனது. "பார்த்தாயா, சொன்னோமே" என்று எல்லோரும் ஆரம்பித்துவிட்டார்கள்.

கியர்பாக்ஸைப் பிரித்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். கிளட்ச் பிளேட்டுகளில் உராய்வுப் பூச்சே இல்லை, வெறும் இரும்பு. சில ஸ்டீல் பிளேட்டுகள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. இது ஏதோ இரண்டு வாரத்தில் ஆகிற சேதமா? வருஷக்கணக்கில் வெந்தது. புது ஆயில் ஊற்றாமல் விட்டிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் நொண்டியிருக்கலாம், அதை மறுக்க மாட்டேன். புது ஆயிலில் கழுவும் சேர்மானம் அதிகம். வால்வுகளிலும் காய்ந்த சீல்களிலும் படிந்திருந்த பிசினை அது கிளப்பிவிடும் என்று பிரித்த மெக்கானிக் சொன்னார். ஆனால் பெரும்பாலானவர்கள் வண்டி வழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆயிலைப் பற்றியே நினைக்கிறார்கள். சாகப்போகிற கியர்பாக்ஸுக்குத்தான் கடைசியாக ஆயில் மாற்றப்படுகிறது, பழி ஆயில் மேல் விழுகிறது.

மெஷின் எல்லாமே மோசம் என்றும் சொல்ல முடியாது. கூலர் குழாயில் இணைத்து, கியர்பாக்ஸின் சொந்த பம்ப் தள்ளுகிற வேகத்திலேயே மாற்றும் வகை சாதுவானது. ஃபில்டரைக் கழற்றாமலே வேலை முடிந்தது என்று சொல்கிற இடத்தைத்தான் நான் தவிர்ப்பேன்.

* * *

மேலே இருவரும் சொல்லாத ஒன்று. டிப்ஸ்டிக்கில் இளஞ்சிவப்பாக, பால் கலந்த மாதிரி இருந்தால் மாற்றலாமா வேண்டாமா என்ற விவாதமே கிடையாது. பல டிரக்குகளில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே இருக்கும். அது உள்ளே ஓட்டையானால் கூலண்ட் ஆயிலில் கலந்துவிடும். கிளட்ச் பூச்சை ஒட்டியிருக்கும் பசையைத் தண்ணீர் கெடுத்துவிடும். எனக்கு அப்படி ஆனபோது வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்தி, கட்டி இழுத்துத்தான் கொண்டுபோனேன். ரேடியேட்டரை மாற்றி, ஆயிலைத் திரும்பத் திரும்ப மாற்றிக் கழுவி, தனியாக ஒரு வெளிக் கூலரும் போட்டேன். சீக்கிரம் கவனித்ததால் பிழைத்தது. அதே கோளாறில் பிழைக்காத கியர்பாக்ஸ்களையும் பார்த்திருக்கிறேன்.

டிரெய்லர் இழுப்பவர்கள் ஒரு வெப்பமானி மாட்டிக்கொள்ளுங்கள். 80, 90 டிகிரி செல்சியஸில் ஓடுவது இயல்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயிலின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது என்பது மெக்கானிக்குகளின் தோராயக் கணக்கு.

* * *

ஆயில் அளவு பார்ப்பது கியரைப் பார்க்கில் வைத்தா, நியூட்ரலிலா? இன்ஜின் ஓட வேண்டுமா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள், குழப்பமாக இருக்கிறது.

* * *

முதலில் எழுதியவன்தான். தம்பி, வண்டியைப் பொறுத்து மாறும். பெரும்பாலான டிரக்குகளில் சமதரையில் நிறுத்தி, நன்றாகச் சூடான பிறகு, பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியருக்கும் ஒருமுறை போய்வந்து, பார்க்கில் இன்ஜின் ஓட ஓட டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். சில டாட்ஜ் டிரக்குகளில் நியூட்ரல். பல டிப்ஸ்டிக்குகளில் அதன் மேலேயே பொறித்திருக்கும், இல்லாவிட்டால் மேனுவலில் இருக்கும். கோட்டுக்கு மேலே ஊற்றாதே; உள்ளே சுழலும் பாகங்கள் ஆயிலை நுரையாக அடித்துவிடும், நுரையில் அழுத்தம் நிற்காது. குறைவாக இருந்தாலும் அதே வழுக்கல்தான். எவ்வளவு வடிந்தது என்று அளந்து அதே அளவை ஊற்றிவிட்டு அப்புறம் கோட்டைப் பார்த்தால் பெரிதாகத் தவறாது.

டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டி என்றால், கீழே வடிப்பதற்கு முன்னால் ஊற்றும் பிளக் கழலுகிறதா என்று பார்த்துக்கொள். துருவில் இறுகிப்போன ஊற்றும் பிளக்கும் காலியான கியர்பாக்ஸுமாக நின்றால் வண்டியை நகர்த்தவும் முடியாது.