பிசினஸ் படிக்கிறவங்க எங்க விழுந்தீங்க, எழுதுங்க

படிக்கிறவங்களும் எழுதலாம், முடிச்சவங்களும் எழுதலாம். எந்த பேப்பர் தூக்கி அடிச்சுச்சு, என்ன கனவு மாறிப்போச்சு, யாரைப் பார்த்து புத்தி வந்துச்சு, எதுவா இருந்தாலும் சரி. சக்சஸ் ஸ்டோரி மட்டும் வேணாம், அதுக்கு லிங்க்ட்இன் இருக்கு.

பிறை பொண்ணு:

சரி நான் ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

பிசினஸ் அட்மின், இப்ப ஃபைனல் இயர். வீடு பிறையில ஃபிளாட்டு, காலேஜ் கடலுக்கு அந்தப் பக்கம் பினாங்கு தீவுல, அதனால பட்டர்வொர்த்துல பைக்கோட ஃபெரி ஏறித்தான் தினம் போய் வர்றது. முதல் நாள் கிளாஸ்ல லெக்சரர் எல்லாரையும் எழுப்பி பத்து வருசத்துல எங்க இருப்பீங்கன்னு கேட்டாரு. கேஎல்ல (கோலாலம்பூர்) இருபதாவது மாடியில என் ஆபீஸ் இருக்கும்னு சொன்னேன், கிளாஸே கைதட்டுச்சு. எங்க ஃபிளாட்ல நாங்க பதினாலாவது மாடி, லிஃப்ட் மாசத்துல பாதி நாள் ரோசாக், ஓடாது, அதனால மாடின்னாலே எனக்கு லிஃப்ட் வேலை செய்யுற மாடியா இருக்கணும்னு ஒரு வெறி, அவ்ளோதான் அந்த கனவோட மூலக்கதை.

அஞ்சாம் பாரம் எஸ்பிஎம் பரீட்சையில பெராக்காவுனான், அதான் கணக்கியல், ஏ மைனஸ் எடுத்தவ நான். அந்தத் திமிருதான் ரெண்டாவது வருசம் கவுத்துருச்சு. மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங், ஒரு பொருள செய்ய என்ன செலவு ஆகுதுன்னு பார்க்குற காஸ்டிங் கணக்குதான் அதுல முக்கியம், 2023 நடுவுல ரிசல்ட், ஃபெயில். ஃபார்முலா எல்லாம் மனப்பாடம், டைரக்ட் மெட்டீரியல் (சாமான்), டைரக்ட் லேபர் (செய்யுறவங்க கூலி), ஓவர்ஹெட் (வாடகை மாதிரி மத்த செலவு), தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனா கேள்வியில ஒரு பேக்கரி கதையா குடுத்து இதுல எதெல்லாம் காஸ்ட்னு கேட்டாங்க, அங்கயே மாட்டிக்கிட்டேன். பிடிபிடிஎன், அதான் கவர்மென்ட் படிப்புக் கடன்ல படிக்கிறவங்களுக்கு தெரியும், சராசரி பாயிண்ட்டு 2.0-க்கு கீழ இறங்குனா காசு நின்னுடும், நான் மயிரிழையில தப்பிச்சேன். வீட்ல சொல்லல. அப்பா ஃபேக்டரில நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து தூங்குற நேரம்தான் நான் கிளம்புற நேரம், அதனால சொல்லாம இருக்குறது ரொம்ப ஈசி.

ரிபீட் பண்ண 450 வெள்ளி (ரிங்கிட்) கட்டணும். எங்க போறது?

அப்பதான் தீபாவளி வந்துச்சு, அந்த வருசம் நவம்பர் 12. அம்மா வருசா வருசம் பக்கத்து வீடு, கோயில் ஆளுங்க, அப்பா கூட வேலை செய்யுறவங்கன்னு ஒரு 30 போத்தல் முறுக்கு சுட்டுக் குடுப்பாங்க. நான் மார்க்கெட்டிங் கிளாஸ்ல படிச்சதெல்லாம் இதுல காட்டிடலாம்னு இறங்கிட்டேன். டிக்டாக்ல அம்மா கையால முறுக்கு பிழியுற வீடியோ போட்டேன், ஸ்டிக்கர் அடிச்சேன், கம்பெனி பதியுற எஸ்எஸ்எம் ஆபீஸ்ல 60 வெள்ளி கட்டி கடை பேரையே பதிஞ்சுட்டேன் (இந்த 60-ஐ கணக்குல சேர்க்கக்கூட இல்ல, அத நினைச்சா இப்பவும் சிரிப்பு வருது). 120 போத்தல் ஆர்டர். ஒரு போத்தல் 22 வெள்ளி.

அம்மா பகல்ல கிளீனர் வேலைக்குப் போறவங்க. ராத்திரி எட்டு மணிக்கு உக்காந்தா ஒரு மணி வரைக்கும், பதினாலு நாள். உளுந்து வறுக்கிறது, மாவு சலிக்கிறது, தேங்காப்பால் பிழியிறது, அதுக்கப்புறம் எண்ணெய்ச் சட்டி முன்னால நிக்கிறது. சித்தி சுங்கைப்பட்டாணியில இருந்து வந்து கூட நின்னாங்க. நான் என்ன பண்ணேன்னா, ஃபோன்ல ஆர்டர் எடுத்தேன், ஸ்டிக்கர் ஒட்டுனேன், டெலிவரிக்கு ஓடுனேன், அம்மா முதுகு வலிக்குதுன்னா "கொஞ்சம்தான்மா, இன்னும் நாலு நாள்"னு சொன்னேன்.

கேஎல், ஜொகூர்னு 38 போத்தல் கூரியர்ல அனுப்புனேன், ஃப்ரீ போஸ்டேஜ்னு வேற போட்டுட்டேன், ஆளுக்கு 8 வெள்ளி என் தலையில. அதுல 26 பேருக்கு முறுக்கு மாவாத்தான் போய்ச் சேர்ந்துச்சு. ஒரு அக்கா கேஎல்ல இருந்து ஃபோட்டோ அனுப்பி "இத கரண்டியில எடுத்து சாப்பிடணுமா தங்கச்சி"னு கேட்டாங்க. முறுக்கு நொறுங்கும்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியல. எல்லாருக்கும் காசத் திருப்பிக் குடுத்தேன்.

அப்படியும் கணக்கு போட்டா வித்தது 2640, சாமான், போத்தல், கேஸ் தோங் (சிலிண்டர்) எல்லாம் சேர்த்து 1080, கூரியர் 304, திருப்பிக் குடுத்தது 572. மீதி 684 வெள்ளி. அன்னைக்கு வீட்ல கேக் வெட்டாத குறைதான். அம்மா "பரவால்லயே, லாபம்தானே"ன்னு சொல்லி அதுல ஒரு காசு தொடல, உன் படிப்புக்கு வச்சுக்கன்னுட்டாங்க. நானும் அதுல 450-ஐ எடுத்து ரிபீட் ஃபீஸ் கட்டிட்டேன், எதுக்குன்னு சொல்லாமலே.

மாறுனது ஜனவரில. 2024 தைப்பூசம் 25-ந்தேதி வந்துச்சு, அதுக்கு முந்தின ரெண்டு வாரம் லிட்டில் இந்தியாவுல ஒரு பூக்கடையில பார்ட் டைம் நின்னேன். தைப்பூச நேரத்துல அந்தப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், பினாங்கு ஸ்திரீட் செட்டியார் கோயில் வீட்ல இருந்து வெள்ளி ரதம் கிளம்பும், ரோடு பூரா தேங்கா மலை மாதிரி குவிச்சு வச்சிருப்பாங்க, சீனவங்களும் வரிசையில நின்னு உடைப்பாங்க. பூக்கடைக்காரங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அங்கிள் முன்னால நின்னு யாவாரம், ஆண்டி உள்ள உக்காந்து மாலை கட்டுவாங்க, அந்த விரல் போற வேகத்தப் பார்த்தா கண்ணு கட்டும்.

ராத்திரி கடை சாத்துறப்ப அங்கிள் காசப் பிரிப்பாரு. பூவுக்கு இவ்ளோ, நூலுக்கு, வாடகைக்கு, எனக்கு சம்பளம். அப்புறம் ஒரு பழைய மைலோ டின்னு, அதுல தினமும் 40 வெள்ளி போடுவாரு. மூணாவது நாள் கேட்டேன், இது என்ன அங்கிள், கோயிலுக்கான்னு. "ஒங்க ஆண்டி கூலி"ன்னாரு. சிரிச்சுட்டேன். வீட்டுக்காரம்மாவுக்கு எதுக்கு அங்கிள் கூலி, ரெண்டும் ஒரே வீட்டுக்குத்தானே போகுதுன்னேன்.

அவரு சிரிக்கல. "வெளியாளு வச்சா குடுப்பேன்ல? இன்னைக்கு இந்த காச மாலை விலையில நான் சேர்க்கலன்னு வையி, நாளைக்கு அவளுக்கு கை முடியாம போயி ஆளு வைக்கணும்னா, திடீர்னு எப்படிம்மா விலைய ஏத்துவேன்? வாங்குறவன், நேத்து வரைக்கும் ஏமாத்துனியா இன்னைக்கு ஏமாத்துறியான்னு கேப்பான்"னாரு. உள்ள இருந்து ஆண்டி சத்தம், "அவரு சொந்த மூளைன்னு நினைக்காத பாப்பா, நான் ஒரு மாசம் பேசாம இருந்து வாங்குனது".

பேக்கரி கேள்விக்கு விடை இதுதான்லா. கேள்வியில அந்த பேக்கரிக்காரர் தங்கச்சி சும்மா வந்து உதவி பண்றதா ஒரு வரி இருந்துச்சு, நான் அத கதைக்குப் போட்டிருக்காங்கன்னு தாண்டிட்டேன்.

அன்னைக்கு ஃபெரில ஃபோன் கால்குலேட்டர எடுத்தேன். அப்ப மினிமம் சம்பளம் மாசம் 1500, மணிக்கு 7 வெள்ளி 21 சென். அம்மா 70 மணி நேரம், சித்தி ஒரு 40. மொத்தம் 793 வெள்ளி 10 சென். என் லாபம் 684. அதாவது 109 வெள்ளி 10 சென் நஷ்டம், அதையும் நான் குடுக்கல, அவங்க ரெண்டு பேரும் முதுகுல தாங்கியிருக்காங்க. காஸ்டிங்ல ஃபெயிலான பேப்பர திரும்ப எழுத, எங்கம்மாவுக்கு குடுக்காத கூலியில ஃபீஸ் கட்டியிருக்கேன். காத்து நல்லா அடிச்சுச்சு, அதனால கண்ணு கலங்குனது பக்கத்துல யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

மறுநாள் காலைல பசியாறுறப்ப எல்லாத்தையும் சொன்னேன், ஃபெயிலானது உட்பட. அம்மா ரொட்டியப் பிச்சுக்கிட்டே "அப்ப நீ எனக்கு எவ்ளோ தரணும்"னாங்க. 504 வெள்ளி 70 சென்ம்மான்னேன். "சித்திக்கு முதல்ல குடு"ன்னாங்க, அவ்ளோதான். மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா குடுத்து முடிச்சேன். ரிபீட் பேப்பர்ல பி பிளஸ்.

இப்ப பாயான் லெப்பாஸ்ல ரெண்டு ஃபேக்டரிக்கு காஸ்டிங் டிப்பார்ட்மென்ட் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன். எந்த பேப்பர்ல விழுந்தேனோ அதே வேலை. இருபதாவது மாடி எல்லாம் இல்ல, தரை மாடிதான்.

செந்தூல் மச்சான்:

தங்கச்சி கதை நல்லாருக்கு ஆனா ஒரு விசயத்துல ஒத்துக்க மாட்டேன். அம்மாவுக்கெல்லாம் மணிக்கு 7 வெள்ளி போட ஆரம்பிச்சா நம்மாளுங்க வீட்டு யாவாரம் ஒண்ணு கூட நிக்காது. 2020 மார்ச் 18 கொரோனாவுக்கு எம்சிஓ (ஊரடங்கு) போட்டப்ப எங்கப்பா லாரி ஓட்டம் நின்னுபோச்சு, அம்மா நாசி லெமாக் கட்டி வித்துத்தான் நாங்க சாப்பிட்டோம், காலைல நாலு மணிக்கு எந்திரிப்பாங்க. அதுக்கு கூலி போட்டிருந்தா பொட்டலம் விலை என்ன ஆகும், செந்தூல்ல யாரு வாங்குவா? பசின்னா கணக்கு வேற.

என் கதை சின்னது. தமிழ்ப்பள்ளில படிச்சவன், டிகிரியில முதல் பிரசன்டேஷன், இங்கிலீஷ்ல பத்து நிமிசம் பேசணும், ரெண்டாவது ஸ்லைடுல நாக்கு ஒட்டிக்கிச்சு. அப்படியே நின்னேன். லெக்சரர் பேப்பரப் பார்த்துப் படின்னாங்க, படிக்கவும் முடியல. கிளாஸ்ல யாரும் சிரிக்கல, அதுதான் இன்னும் கேவலமா இருந்துச்சு. அதுக்கப்புறம் மூணு மாசம் தினமும் செந்தூல்ல எல்ஆர்டி ஏறி மஸ்ஜிட் ஜாமெக் போற வரைக்கும் வாய்க்குள்ளயே இங்கிலீஷ்ல பேசிக்கிட்டு வருவேன், ஸ்டேசன் பேரு, விளம்பரம், எதிர்ல இருக்குறவரு சட்டை கலரு, எது கண்ல பட்டாலும் அதப் பத்தி ரெண்டு வாக்கியம். ஒரு மலாய்க்கார மாக்சிக் எனக்கு பைத்தியம்னு நினைச்சு இடம் மாறி உக்காந்தாங்க.

இன்டர்ன்ஷிப் ஒரு கம்பெனில, பேரு வேணாம். மார்க்கெட்டிங்னு சொல்லி எடுத்தாங்க, நாலு மாசமும் ஃபோட்டோஸ்டாட், தாப்பாவ் (பார்சல் சாப்பாடு) வாங்குறது. ரிப்போர்ட்ல என்ன எழுதுறதுன்னு தெரியாம, எந்த டிப்பார்ட்மென்ட் எத்தனை மணிக்கு என்ன சாப்பாடு ஆர்டர் பண்றாங்க, எவ்ளோ நேரம் வீணாகுதுன்னு டேபிள் போட்டு அதையே ப்ராஜெக்டா எழுதிட்டேன். ஏ மைனஸ் குடுத்தாங்க. இப்ப வேலை தேடிக்கிட்டு இருக்கேன், இன்டர்வியூல இந்தக் கதையத்தான் சொல்றேன், ஒரு சிலர் சிரிக்கிறாங்க, ஒருத்தரும் இன்னும் கூப்பிடல.

பிறை பொண்ணு:

அண்ணே அந்த டேபிள எனக்கும் அனுப்புங்க, நிஜமா கேக்குறேன்.

எம்சிஓ கதை வேறதான், அத நான் மறுக்கல. அடுப்பு எரியணும்னா எரியத்தான் வைக்கணும். ஆனா என்னோடது பசி இல்ல, நான் லாபம்னு சொல்லி பீத்திக்கிட்டேன், அதுதான் தப்பு. அப்புறம் யாரு வாங்குவான்னு கேட்டீங்கல்ல, 2024 தீபாவளிக்கு நான் செஞ்சு பார்த்தேன். போத்தல் 28 வெள்ளி, கூரியர் கிடையாது, வந்து எடுத்துக்கணும், இல்லன்னா பிறை, பட்டர்வொர்த்துக்குள்ள நானே குடுப்பேன். வீடியோவுல "இந்த விலையில எங்கம்மா கூலி இருக்கு"ன்னு எழுதிப் போட்டேன். போன வருசம் வாங்குனவங்க நிறைய பேரு ப்ளூ டிக் விட்டுட்டுப் போயிட்டாங்க, ஒருத்தர் "முறுக்கா தங்கமா"ன்னு கேட்டாரு. 120 ஆர்டர் 75 ஆச்சு.

வித்தது 2100. சாமான் 712.50. அம்மாவுக்கும் சித்திக்கும் 69 மணி நேரம், 497.49, தீபாவளிக்கு முந்தின நாளே கையில குடுத்தாச்சு. மீதி 890 வெள்ளி ஒரு சென். எஸ்எஸ்எம் ரெனியூ 60-ஐ கழிச்சாலும் போன வருசத்த விட அதிகம், சுட்டது கம்மி. அம்மா பதினோரு மணிக்கெல்லாம் படுத்துட்டாங்க.

எஸ்டிபிஎம் 98:

பாப்பா, நான் கேட்டரிங் ஆரம்பிச்சு பதினஞ்சு வருசத்துக்கு மேல ஆகுது, பிசினஸ் படிச்சதெல்லாம் ஆறாம் பாரம் எஸ்டிபிஎம்மோட சரி, யூனிவர்சிட்டி கிடைக்கல. உன் கணக்க ரெண்டு தடவை படிச்சேன், நல்லா போட்டிருக்க. அம்மா கூலி இருக்கு, சித்தி கூலி இருக்கு. ஆர்டர் எடுத்தது யாரு? பைக்ல வீடு வீடா போய்க் குடுத்தது யாரு? பெட்ரோல் யாரு ஊத்துனா?

பிறை பொண்ணு:

ஐயோ அக்கா.

இருங்க, கால்குலேட்டர எடுத்துட்டு வர்றேன்.