டெபியன் 12-இல் பிளாஸ்மாவை மட்டும் 6-க்கு ஏற்ற முடியுமா?

தறிமேடை:

வணக்கம். மடிக்கணினியில் டெபியன் 12 புக்வோர்ம் லினக்ஸ் போட்டு இரண்டு வருடத்துக்கு மேல் ஓடுகிறது, டெஸ்க்டாப் கேடிஇ பிளாஸ்மா 5.27. எந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் பிளாஸ்மா 6-ஐ நண்பர் வீட்டில் பார்த்ததிலிருந்து அதுதான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. முழு டெபியனையும் மாற்ற எனக்கு இஷ்டமில்லை, வேலைக்கான எல்லாம் இதில்தான் இருக்கிறது. அதனால் தொகுப்புகள் எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்லும் சோர்சஸ்.லிஸ்டில் புக்வோர்ம் வரிகளுக்குக் கீழே டிரிக்ஸி (டெபியன் 13) வரி ஒன்றைச் சேர்த்து, தொகுப்புகளை நிர்வகிக்கும் ஆப்ட் நிரலில் அப்டேட் கொடுத்துவிட்டு பிளாஸ்மா-டெஸ்க்டாப்பை மட்டும் இன்ஸ்டால் செய்யச் சொன்னேன். 143 தொகுப்புகளை நீக்கப்போவதாகக் காட்டியது, அதில் நான் தினமும் பயன்படுத்தும் செயலிப் பட்டையான லாட்டே டாக்கும் இருந்தது. பயந்துபோய் 'என்' அழுத்தி வெளியே வந்துவிட்டேன். டெஸ்க்டாப்பை மட்டும் ஏற்ற வழி இருக்கிறதா?

பனைமரத்தடி:

'என்' அழுத்தினீர்கள் பாருங்கள், அதுதான் நல்ல காரியம். இப்போது வேறு எதையும் தொடும் முன் அந்த டிரிக்ஸி வரியை எடுத்துவிட்டு மறுபடி ஒரு ஆப்ட் அப்டேட் கொடுங்கள். அந்த வரி அங்கேயே கிடந்தால், அடுத்த வாரம் வழக்கம்போல அப்கிரேட் கொடுக்கும்போது இரண்டு வெளியீட்டிலும் எது புதிய பதிப்போ அதையெல்லாம் ஆப்ட் இழுத்துப் போட்டுவிடும், நீங்கள் கேட்காமலே அரைகுறை டிரிக்ஸியாக மாறிவிடும். டெபியன் விக்கியிலேயே இதற்கு 'ஃபிராங்கன்டெபியன்' என்று பெயர் வைத்து, செய்யாதீர்கள் என்று எழுதியிருக்கிறார்கள்.

ஏன் தனியாக முடியாது என்றால், பிளாஸ்மா என்பது மேலே விரித்த துணி மாதிரி இல்லை. பிளாஸ்மா 6-க்கு க்யூடி 6-உம் கேடிஇ ஃப்ரேம்வொர்க்ஸ் 6-உம் வேண்டும், டிரிக்ஸியில் கட்டப்பட்ட அந்த நூலகங்களுக்கு அங்கே உள்ள ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தின் 2.41 பதிப்பு வேண்டும், உங்களிடம் இருப்பதோ 2.36. போதாததற்கு டிரிக்ஸியில் நேரத்தைக் குறிக்கும் எண்ணை 32 பிட் கணினிகளுக்காக 64 பிட்டாக மாற்றியதில் ஏராளமான நூலகங்களின் பெயரே டி64 என்ற வாலோடு மாறிவிட்டது. பழைய பெயரும் புதிய பெயரும் ஒன்றாக இருக்க முடியாது, ஆகவே ஒன்றைத் தொட்டால் நூறு வெளியே போகிறது. நீங்கள் பார்த்த 143 அப்படி வந்ததுதான்.

லாட்டே டாக்கை மறந்துவிடுங்கள். அதை உருவாக்கியவர் கைவிட்டு வருடங்கள் ஆகின்றன, பிளாஸ்மா 6-க்கு அது வரவே இல்லை. பிளாஸ்மா 5-க்கு எழுதிய விட்ஜெட்டுகளும் அப்படியே ஓடாது, எழுதியவர் 6-க்கு மாற்றிக் கொடுத்திருந்தால்தான் உண்டு.

ஆக, இரண்டே வழி. 5.27-இலேயே இருங்கள், டெபியன் 12-க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு, அவசரமே இல்லை. இல்லையென்றால் முழுதாக 13-க்குப் போங்கள், அதில் 6.3 கிடைக்கும்.

நடுநிசி_முனையம்:

மேலே சொன்னது முழுக்க சரி. முழுதாகப் போவது நீங்கள் நினைக்கும் அளவு பயங்கரமும் இல்லை, உங்கள் கோப்புகளும் வேலையும் அப்படியே இருக்கும். ஆனால் தயவுசெய்து டெஸ்க்டாப்புக்குள் இருந்துகொண்டு செய்யாதீர்கள். டிரிக்ஸி 2025 ஆகஸ்ட் 9 வெளிவந்தது, அந்த வாரமே நான் கான்சோல் சாளரத்தைத் திறந்து ஃபுல்-அப்கிரேட் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் கறுப்புத் திரை, ஸ்கிரீன் லாக்கர் உடைந்துவிட்டது, இனித் திறக்க முடியாது, வேறு முனையத்துக்குப் போய் லாகின்சிடிஎல் அன்லாக்-செஷன் கொடு என்று வெள்ளை எழுத்தில் ஒரு செய்தி. பூட்டுத் திரையின் கீழிருந்த நூலகத்தையே ஆப்ட் மாற்றிக்கொண்டிருந்தது, அதுதான் காரணம். கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்2 அழுத்தி அந்தக் கட்டளையைக் கொடுத்ததும் திறந்தது, ஆனால் உள்ளே ஒரு அமைப்புக் கோப்பைப் பழையபடி வைக்கவா மாற்றவா என்ற கேள்வியோடு, ஆப்டுக்குக் கீழே தொகுப்புகளை நிறுவும் டிபிகேஜி அதுவரை காத்துக்கொண்டிருந்தது. பயத்தில் மின்சாரத்தை அணைத்திருந்தால் பாதியில் நின்றிருக்கும். அப்படி நின்றாலும் டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ, பிறகு ஆப்ட் -எஃப் இன்ஸ்டால், இந்த இரண்டும் பெரும்பாலும் மீட்டுவிடும்.

நான் இப்போது செய்யும் முறை இது. முதலில் வீட்டுக் கோப்புறையை, முக்கியமாக .கான்ஃபிக்கையும் .லோக்கலையும் சேர்த்து, வெளி வட்டில் நகல் எடுத்துவிடுவேன். பேக்போர்ட்ஸ் (பழைய வெளியீட்டுக்காகக் கட்டிய புதிய பதிப்புகள்) உட்பட வெளி ரெப்போ, அதாவது தொகுப்புக் களஞ்சியம், எல்லாவற்றையும் மூடிவிடுவேன். ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு கொடுத்து ஏதாவது பிடித்து நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, 12-ஐ அதன் கடைசி நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் புக்வோர்ம் என்று இருக்கும் இடமெல்லாம் டிரிக்ஸி என்று மாற்றுவேன், செக்யூரிட்டி வரி உட்பட. அப்புறம் டெஸ்க்டாப்பிலிருந்து லாக்அவுட் செய்து, கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தினால் வரும் எழுத்து முனையத்தில் நுழைந்து, ஆப்ட் அப்டேட் முடித்து, புதிய தொகுப்பு எதையும் சேர்க்காத குறைந்தபட்ச அப்கிரேடை முதலில் செய்வேன். அது முடிந்தால்தான் ஃபுல்-அப்கிரேட். நீக்கப்போகும் பட்டியலை அப்போது பொறுமையாக ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். பழைய நூலகங்கள் போவது சரி. பிளாஸ்மா-டெஸ்க்டாப்போ நுழைவுத் திரையைக் காட்டும் எஸ்டிடிஎம்மோ நெட்வொர்க்-மேனேஜரோ அந்தப் பட்டியலில் இருந்தால் 'ஒய்' அழுத்தாமல் இங்கே வந்து கேளுங்கள்.

இன்னொன்று, கர்னல் இருக்கும் பூட் கோப்புறை வட்டில் தனிப் பிரிவாக இருந்தால் டிஎஃப் -ஹெச் கொடுத்துப் பாருங்கள். 13-இன் கர்னலும் ஃபர்ம்வேரும் பெருத்துவிட்டன. அந்தப் பிரிவு குறைந்தது 768 எம்பி இருந்து 300 எம்பியாவது காலியாக இருக்க வேண்டும் என்கிறது வெளியீட்டுக் குறிப்பு.

தறிமேடை:

இருவருக்கும் மிக்க நன்றி. பூட் தனிப் பிரிவு இல்லை, ரூட்டுக்குள்ளேயே இருக்கிறது, 40 ஜிபி காலி. அப்படியானால் போய்விடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரே ஒரு கவலை. ஃபிசிட்எக்ஸ் 5 என்ற உள்ளீட்டு நிரலில் தமிழ்99 வைத்துத்தான் நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறேன். பிளாஸ்மா 6 இயல்பாகப் பயன்படுத்தும் திரை அமைப்பான வேலண்டில் அது வேலை செய்யாது என்று எங்கேயோ படித்தேன்.

செங்காந்தள்:

வேலை செய்யும் அண்ணா, நான் அதில்தான் இதை எழுதுகிறேன். பழைய திரை அமைப்பான எக்ஸ்11-இல் செய்த மாதிரியே செய்தால்தான் சிக்கல். பிளாஸ்மா 6-இல் முதல்முறை நுழைந்ததும் அமைப்புகளில் விசைப்பலகை பகுதிக்குள் மெய்நிகர் விசைப்பலகை என்று ஒன்று இருக்கும், பெயரைப் பார்த்துத் தொடுதிரைக்கானது என்று எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதில் ஃபிசிட்எக்ஸ் 5-ஐத் தேர்ந்தெடுத்து அப்ளை கொடுங்கள். அதற்குப் பிறகு பிளாஸ்மாவின் சாளர மேலாளரான கேவின்தான் அதைத் துவக்கும், தானாகத் துவங்க நீங்கள் எதுவும் வைக்க வேண்டாம். முன்பு ஜிடிகே, க்யூடி இரண்டுக்கும் ஐஎம் மாட்யூல் என்று வைத்திருந்த சூழல் மாறிகளை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நுழையும்போதெல்லாம் ஃபிசிட்எக்ஸே ஒரு எச்சரிக்கை காட்டும். எக்ஸ்மாடிஃபையர்ஸ் என்ற மாறியை மட்டும் விட்டுவையுங்கள், பழைய எக்ஸ் நிரல்களுக்கு அது வேண்டும். ஃபிசிட்எக்ஸ்5-எம்17என் தொகுப்பு நீக்கும் பட்டியலில் போகவில்லையா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், தமிழ்99 அதன் வழியாகத்தான் வருகிறது.

தறிமேடை:

நேற்று இரவு எஃப்3-இல் உட்கார்ந்து முடித்துவிட்டேன், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். நீக்கும் பட்டியலை இரண்டு முறை படித்தேன், லாட்டேயைத் தவிர எனக்குத் தேவையான எதுவும் அதில் இல்லை. மறுதொடக்கத்துக்குப் பிறகு பேனல் காலியாக வந்தது, லாட்டே இருந்த இடம் அது. பிளாஸ்மாவின் சொந்தப் பேனலையே கீழே நடுவில் வைத்து, உள்ளடக்கத்துக்கு ஏற்ற அகலம் கொடுத்ததும் கிட்டத்தட்ட பழைய தோற்றம் வந்துவிட்டது. தமிழ்99-உம் ஓடுகிறது, மெய்நிகர் விசைப்பலகை என்ற அந்த இடத்தை நானாகக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன் தங்கச்சி.

கோப்புகள் இப்போது இரண்டு முறை சொடுக்கினால்தான் திறக்கின்றன. இது மட்டும் எங்கே மாற்றுவது?

பனைமரத்தடி:

பிளாஸ்மா 6-இல் அதுதான் இயல்பு. அமைப்புகளில் பொது நடத்தை என்ற பக்கத்துக்குப் போய் ஒற்றைச் சொடுக்கில் திறக்கும்படி வையுங்கள். அப்படியே ஆப்ட் மாடர்னைஸ்-சோர்சஸ் ஒருமுறை கொடுங்கள், சோர்சஸ்.லிஸ்டைப் புதிய வடிவத்துக்கு அதுவே மாற்றித் தரும், பழையதை நகலாக வைத்துவிடும். இனித் தேவைப்படாத தொகுப்புகளை நீக்கும் ஆட்டோரிமூவை மட்டும் ஒரு வாரம் கழித்து, எல்லாம் ஓடுகிறது என்று தெரிந்த பிறகு கொடுங்கள்.