கோவையா, திருச்சியா, திருப்பூரா: குடியிருக்கவும் முதலிடவும் எந்த ஊர்?

கேள்வி: ஊர்திரும்பி

வணக்கம். குவைத்தில் இருபது ஆண்டுகள் பணிபுரிந்துவிட்டு, அடுத்த ஆண்டு குடும்பத்துடன் ஊர் திரும்புகிறேன். கையில் ஏறத்தாழ 60 லட்சம் ரூபாய் இருக்கிறது. நாங்கள் நிம்மதியாக வாழவும், பத்து ஆண்டுகள் கழித்து மகளுக்காக விற்க நேர்ந்தால் நட்டமின்றி விற்கவும் ஏற்ற ஊர் எது? திருப்பூரில் உறவினர் ஒருவர் மனை பார்த்து வைத்திருக்கிறார். என் மனம் கோவையையும் திருச்சியையும் நாடுகிறது.

பதில்: நொய்யல்கரை

திருப்பூரில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவன் என்பதால் சொல்கிறேன். பின்னலாடை என்ற ஒரே தொழிலை நம்பிய ஊரில் அந்தத் தொழிலுக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டு வாடகைக்கும் காய்ச்சல் வந்துவிடும். 2011 சனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டபோது, தொழிலாளர்கள் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டதையும், எங்கள் தெருவில் வரிசை வீடுகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்ததையும் கண்டேன். கோவையும் 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர்தான். ஆனால் அங்கே பம்ப்செட், வார்ப்படம், கிரைண்டர், கல்லூரிகள், மருத்துவமனைகள், மென்பொருள் என வருமானத்திற்குப் பல வழிகள் இருப்பதால், நூல் விலை ஏறி மில்கள் தடுமாறும் காலத்திலும் குடியிருப்போர் மொத்தமாகக் காலி செய்வதில்லை. நான் கோவையையே தேர்ந்தெடுப்பேன்.

பதில்: மலைக்கோட்டை

நொய்யல்கரை ஐயா சொல்வது சரியே, ஆயினும் கோவையின் விலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். 60 லட்சம் ரூபாய் வீட்டிற்கு மாதம் 15,000 வாடகை வந்தால் ஆண்டுக்கு 3 விழுக்காடுதான். வங்கி வைப்பே இதைவிடக் கூடுதலாகத் தரும். ஆகவே உங்களுக்கு முதன்மையானது வாழும் வசதி. திருச்சியில் காவிரித் தண்ணீர், பன்னாட்டு விமான நிலையம், எல்லாத் திசைக்கும் ரயில் ஆகியவை உண்டு. குறையையும் சொல்லிவிடுகிறேன்: அனல்மின் நிலையக் கொதிகலன்களுக்கான ஆர்டர்கள் சுருங்கியபோது, அவற்றைச் செய்யும் பொதுத்துறை நிறுவனமான பெல்லை நம்பியிருந்த துவாக்குடிச் சிற்றாலைகள் பெரிதும் வாடின. எனவே அந்தப் பக்கத்தைவிட, பள்ளியும் மருத்துவமனையும் நடக்கும் தொலைவில் உள்ள தில்லைநகர், கே.கே.நகர் போன்ற பகுதிகளில் பழைய வீடாயினும் பாருங்கள்.

பதில்: பத்திரம் பார்ப்பவர்

எந்த ஊரானாலும் பத்திரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க இயலாது. உறவினர் காட்டும் மனை இன்னும் நஞ்சை, புஞ்சை என்றே இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். அங்கீகாரமற்ற மனைகளுக்கான வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் பிரிக்கப்பட்டவற்றுக்கே பொருந்தும் என்பதால், டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தாய்ப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் (நில அளவை வரைபடம்) ஆகியவற்றை உங்கள் சொந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் சேர்ந்தால் 50 லட்சத்திற்கு நாலரை லட்சம் ஆகிவிடும்; அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு விலை பேசுங்கள்.

ஊர்திரும்பி

அனைவருக்கும் உளமார்ந்த நன்றி. உறவினரிடம் பட்டா நகலைக் கேட்டேன்; அந்த இடம் புஞ்சை என்றே இருக்கிறது, எனவே அதை விட்டுவிட்டேன். விடுமுறையில் வந்து கோவையிலும் திருச்சியிலும் ஒரு மாதம் வாடகைக்குத் தங்கிப் பார்க்கப் போகிறோம்.