மாடு வைத்திருக்கிற வீட்டில் பாக்கெட் தயிரா?

கறவைக்காரி, வேலந்தாவளம்:
எங்கள் வீட்டில் இரண்டு கறவை மாடு. காலையும் மாலையும் கறக்கிற பால் மொத்தமும் க்ஷீர சங்கத்துக்கு, அதாவது பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு, போகிறது, காப்பிக்கு ஒரு சொம்பு நிற்பதோடு சரி. தயிர் வேண்டுமென்றால் கடையில் பாக்கெட்தான். மாமியாருக்கு எழுபது வயது, எலும்பு தேய்மானம் என்று டாக்டர் கால்சியம் மாத்திரை எழுதியிருக்கிறார். மகனுக்குப் பன்னிரண்டு. இரண்டு பேரும் வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோதான் தயிரைப் பார்க்கிறார்கள். இனி தினம் ஒரு லிட்டர் பாலை நிறுத்தி உறை ஊற்றப்போகிறேன் என்றேன், வீட்டில் ஒரே சண்டை. நான் செய்வது சரிதானே?

வடகரப்பதி அண்ணன்:
சரியில்லை தங்கச்சி. மாதம் முப்பது லிட்டர் குறைந்தால் புண்ணாக்குக் கணக்கை எதில் அடைப்பீர்கள்? தயிரை மருந்து மாதிரி பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பசும்பால் தயிர் 100 கிராமில் கால்சியம் 150 மில்லிகிராம் பக்கம்தான், பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2020ல் சொல்லியிருக்கிறது. அதே 100 கிராம் ராகியில் 340க்கு மேல் இருக்கிறது. களி கிண்டுங்கள், பாலை விற்றுவிடுங்கள்.

நைட் ஷிப்ட் நர்ஸ்:
அண்ணா, ராகியில் இருக்கிற கால்சியம் அத்தனையும் உடம்பில் சேராது, தானியங்களில் இயல்பாகவே இருக்கிற பைட்டேட் என்கிற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாவைக் கரைத்து ராத்திரி முழுக்கப் புளிக்கவிட்டுக் காய்ச்சினால் அந்தப் பிடி தளரும், ஆறினதும் மோர் ஊற்றிக் கரைத்துக் குடித்தால் இரண்டும் சேர்ந்துவிட்டது. நம் அப்பாரு காலத்துக் கூழ் அதுதானே, ராகியா தயிரா என்று எதற்குப் பிரிக்க வேண்டும்? அப்புறம், பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்று வருகிற எத்தனையோ வயசாளிகளுக்குத் தயிர் ஒத்துக்கொள்வதை நான் வார்டில் பார்க்கிறேன். பாலில் இருக்கிற லாக்டோஸ் என்கிற சர்க்கரையில் ஒரு பங்கை உறையும்போதே நுண்ணுயிர்கள் அமிலமாக்கிவிடும், மிச்சத்தைச் செரிக்கவும் வயிற்றுக்குள் போய் உதவும். யோகர்ட்டுக்கு இந்தப் பலன் உண்டு என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010ல் ஏற்றுக்கொண்டது. பல் போனவர்களுக்கு மெல்லாமல் இறங்குகிற புரதமும் அதில் இருக்கிறது.

வடகரப்பதி அண்ணன்:
அது குறிப்பிட்ட இரண்டு வகை நுண்ணுயிர் போட்டு உறைய வைத்த யோகர்ட்டுக்குச் சொன்னது. நம் வீட்டு உறைமோரில் எது எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், தயிர் சாப்பிட்டால் சுகர் வராது என்று இங்கே யாராவது எழுதுவார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 மார்ச்சில் வாரம் இரண்டு கப் யோகர்ட் பற்றி அப்படி ஒரு வாசகத்தை அனுமதித்தது உண்மை. ஆனால் ஆதாரம் குறைவு என்பதையும் சேர்த்துத்தான் அச்சடிக்க வேண்டும், அந்த அனுமதியைக் கேட்டு விண்ணப்பித்ததே தயிர் விற்கிற ஒரு கம்பெனி. தட்டு நிறையச் சோற்றைப் போட்டு மேலே இரண்டு கரண்டி தயிர் விட்டுக்கொண்டு சுகருக்கு நல்லது என்று நம்புவது ஆபத்து.

நைட் ஷிப்ட் நர்ஸ்:
சுகர் விஷயத்தில் அண்ணன் சொல்வது முழுக்கச் சரி. கடையில் விற்கிற இனிப்புப் போட்ட பழத் தயிரையும் அதே கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆனால் எங்கள் வீட்டில் சோறு அரைத் தட்டு, வெள்ளரிக்காய்ப் பச்சடி ஒரு கிண்ணம், அப்படி மாற்றி இரண்டு வருஷம் ஆகிறது. தயிர் கூடியது, சோறு குறைந்தது.

சித்தூர் பெரியவர்:
அம்மணி, பகலில் கொடு, ராத்திரி கொடுக்காதே. இங்கே எந்த ஆயுர்வேத வைத்தியரிடம் கேட்டாலும் ராத்திரித் தயிர் ஆகாது, கபம் கட்டும் என்பார். மோரைப் பெருக்கு, நெய்யை உருக்கு என்று சொன்ன நம் முன்னோர் தயிரைப் பெருக்கு என்று சொல்லவில்லை, அதைக் கவனி. தயிரை நன்றாகக் கடைந்து, மூன்று பங்கு தண்ணீர் விட்டு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, நாலு சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு, நாரத்தை இலை கிடைத்தால் அதையும் கசக்கிப் போட்டு, உப்புக் கொஞ்சமாகச் சேர்த்தால் சம்பாரம். மீனமாச (பங்குனி) வெயிலில் வயலில் நின்ற எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

கறவைக்காரி, வேலந்தாவளம்:
ஐயா, மாமியாருக்கு ராத்திரி வேறு எதுவும் இறங்குவதில்லை. ரசம் சோறு இரண்டு வாய், அதோடு எழுந்துவிடுகிறார். குழைந்த தயிர்ச் சோறு என்றால் ஒரு கிண்ணம் சாப்பிடுகிறார், என்னால் அதைத் தடுக்க முடியாது. அண்ணா, உங்கள் கணக்குக்கும் பதில் சொல்கிறேன். சங்கத்தில் கொழுப்புப் பார்த்துக் கொடுக்கிற பால் விலையைவிடக் கடையில் நான் வாங்கும் தயிர் விலை கூடுதல். என் மாட்டுப் பாலைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டுத் தயிரைக் கூடின விலைக்கு வாங்குகிறேன், விலை பார்த்தே பாதி நாள் வாங்காமல் விடுகிறேன்.

நைட் ஷிப்ட் நர்ஸ்:
பெரியவர் மன்னிக்க வேண்டும். கட்டித் தயிர் தொண்டையில் பூசினாற்போல் இருக்கும், அதைச் சளி என்று நினைக்கிறோம், பால் பொருட்கள் சளியைக் கூட்டுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. ஒத்துக்கொண்டால் கொடுங்கள் அக்கா, கூடவே மோர் மிளகாய் வேண்டாம், அத்தனை உப்பு அந்த வயதுக்கு ஆகாது. மோர்க்குழம்பு, புளிச்சேரி, காளன் என்று தயிர் விட்டுக் காய்ச்சுகிற குழம்பெல்லாம் செய்யலாம், சூட்டில் நுண்ணுயிர் செத்துப்போகும் என்றாலும் கால்சியமும் புரதமும் எங்கேயும் போகாது. தயிர் மேலே நிற்கிற தெளிநீரைக் கொட்டாதீர்கள், அதிலும் சத்து இருக்கிறது. முக்கியமாக ஒன்று, அவருக்குத் தைராய்டு மாத்திரையோ இரும்புச்சத்து மாத்திரையோ இருந்தால் தயிரோடு சேர்த்துக் கொடுக்க வேண்டாம், எவ்வளவு இடைவெளி என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வடகரப்பதி அண்ணன்:
விலை விஷயத்தை நான் அப்படி யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டில் ஒரு மாடு வற்றுகிற மாதத்தில் இந்த ஒரு லிட்டரை நிறுத்த முடியாது, அதையும் இப்போதே வீட்டில் பேசி வையுங்கள்.

கறவைக்காரி, வேலந்தாவளம்:
பேசுகிறேன் அண்ணா. நாளைக் காலைக் கறவையிலிருந்து நிறுத்துகிறேன். பாக்கெட் தயிரை உறையாக விட்டால் எனக்குச் சரியாக வருவதில்லை, கொழகொழவென்று நூல் விடுகிறது.

சித்தூர் பெரியவர்:
பாலை விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு ஊற்று, மண்சட்டி என்றால் நல்லது. உறைமோர் எங்கள் வீட்டில் இருக்கிறது, என் அம்மா காலத்திலிருந்து விட்டுப்போனதில்லை. சனிக்கிழமை வேலந்தாவளம் சந்தைக்கு வருகிறேன், பையனைத் தூக்குப்போசியோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கச் சொல்.