புதுப்பிப்பு: ஒருவழியாகப் புடவைப் பார்சல் வந்துவிட்டது

2025 ஆகஸ்ட்டில் இங்கே புலம்பியிருந்தேன்: காஞ்சிபுரத்துக் கடையொன்றில் 240 டாலருக்கு இரண்டு புடவை வாங்கினேன், நியூஜெர்சிக்கு எப்படி வரும் என்று. 800 டாலருக்குள் இருந்தால் வரியில்லை என்ற சலுகையை ஆகஸ்ட் 29 முதல் அமெரிக்கா எல்லா நாட்டுக்கும் நிறுத்தியது. சீனப் பார்சல்களுக்கு மே மாதமே போய்விட்டது. ஆகஸ்ட் 25-இலிருந்து இந்திய அஞ்சல் துறையும் அமெரிக்கப் பார்சல்களை ஏற்கவில்லை.

அக்டோபர் 15-இல் அஞ்சல் மீண்டும் தொடங்கியது. அப்புறம் கடைக்காரர் அழைத்தார்: "வரியை இங்கேயே கட்டணும் மேடம், பாதிக்குப் பாதி." அப்போது 50 சதவீதம்! 240-க்கு 120. தபால் செலவு தனி. வேறு வழியில்லை, கட்டினேன். கூரியரில் அனுப்பியிருந்தால் பொருளுக்கான வழக்கமான வரியும் சேர்ந்திருக்கும், அஞ்சலில் அது இருக்கவில்லை என்பது மட்டும் ஆறுதல்.

"அன்பளிப்பு என்று எழுதச் சொல்லுங்க" என்று போன தடவை ஒருவர் யோசனை சொன்னார். 100 டாலர் வரை அன்பளிப்புக்கு விலக்கு உண்டுதான். ஆனால் காசு கொடுத்துக் கடையில் வாங்கியது எப்படி அன்பளிப்பாகும்? பொய் எழுதி மாட்டிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை.

மஞ்சள் துணிப்பைக்குள் புடவை மடிப்பு கலையாமல் இருந்தது. மேலே வரி கட்டிய ரசீதைக் குண்டூசியால் குத்தியிருந்தார்கள். தீபாவளிக்கு வாங்கியது, பொங்கலுக்குத்தான் கட்டினேன்.